கண்ணம்பாடியைக் கட்டியவர் யார்?

தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் தமிழ்ப் பத்திரிகைகளில் தவறாமல் தலைகாட்டும் எண் 124.80. மைசூருவிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் காவிரியின் குறுக்கே நிற்கும் கிருஷ்ணராஜசாகர் அணையின் முழு நீர்மட்டம் அத்தனை அடி. டெல்டா விவசாயிக்கு அந்த அணை ஓர் எண். மைசூரு, மண்டியா வட்டாரத்திலோ அது ஒரு மனிதரின் பெயர். ‘கண்ணம்பாடி கட்டே’யைக் கட்டியவர் யார் என்று அங்கே கேட்டால், சர் எம். விஸ்வேஸ்வரய்யா என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும். மண்டியா கிராமங்களில் சாமி படங்களோடு அவர் படத்தையும் மாட்டிவைத்த வீடுகள் உண்டு. அவர் பிறந்த செப்டம்பர் 15 நாடு முழுவதும் பொறியாளர் தினம். ஓடும் ரயிலில் கண்ணை மூடி அமர்ந்திருந்தவர், சத்தத்தின் மாறுபாட்டை வைத்தே முன்னால் தண்டவாளம் விரிசல் விட்டிருப்பதைச் சொல்லி வண்டியை நிறுத்தினார் என்றொரு கதை. அரசு வேலைக்கு ஒரு மெழுகுவர்த்தி, சொந்த வேலைக்கு இன்னொன்று என்று மாற்றி மாற்றி ஏற்றினார் என்று மற்றொன்று. இவற்றுக்கு யாரும் சான்று கேட்பதில்லை. மகான்களைப் பற்றிய கதைகளைப் போல இவையும் வாய்வழியாக வளர்ந்தவை.

காமிக்ஸ் வாசகர்களிடையே தீராத ஒரு வாதம் உண்டு. 1939இல் பிறந்த பேட்மேனுக்கும் 1963இல் பிறந்த அயர்ன் மேனுக்கும் வேற்றுகிரகச் சக்தி எதுவும் கிடையாது. மூளைதான் அவர்கள் ஆயுதம். அப்படியானால் அவர்களைச் சாதாரண மனிதர்கள் என்று சொல்லலாமா? இந்தக் கேள்வியைக் கற்பனைப் பாத்திரங்களை விட்டுவிட்டு மைசூருவின் தலைப்பாகை அணிந்த நாயகரிடம் கேட்டால், பதில் தேடச் சான்றுகள் கிடைக்கின்றன. சாதாரணம் என்பதை மூன்று விதமாக அளக்கலாம்: ஆற்றல், அந்த ஆற்றல் செயல்பட்ட சூழல், பிறர் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை. முதல் அளவுகோலில் விஸ்வேஸ்வரய்யா சாதாரணமானவர் அல்லர். அதில் விவாதத்துக்கு இடமில்லை. மற்ற இரண்டிலும் அவர் நம்மைப் போன்றவர்தான் என்பது என் வாதம். அதை மறந்தால் அவருடைய உண்மையான பெருமையும் நமக்குப் புலப்படாமல் போகும்.

அணையின் கதை அவர் வருகைக்கு முன்பே தொடங்கிவிட்டது. அந்த இடத்தில் அணை கட்டும் திப்பு சுல்தானின் எண்ணத்தைச் சொல்லும் 1790களின் பாரசீகக் கல்வெட்டு ஒன்று கட்டுமானத்தின்போது கிடைத்தது. நூறாண்டுக்குப் பிறகு அந்த எண்ணத்துக்கு அவசரம் கொடுத்தது மின்சாரம். பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து 1883 முதல் 1901 வரை மைசூரின் திவானாக இருந்த சேஷாத்ரி ஐயர் காலத்தில்தான் சிவனசமுத்திர அருவியில் மின்நிலையம் அமைக்கும் திட்டம் உருவெடுத்தது. 1902இல் அங்கிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்துக் கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் போனது. அந்தக் காலத்தில் உலகின் மிக நீண்ட மின்தடங்களில் அதுவும் ஒன்று. வட ஆர்க்காட்டிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் போன தொழிலாளர்கள் பூமிக்கடியில் இறங்கித் தங்கம் எடுத்த சுரங்கங்கள் அவை. கோடையில் ஆறு இளைத்தால் மின்சாரமும் இளைத்தது. ஆண்டு முழுவதும் ஒரே சீராகத் தண்ணீர் விழ வேண்டுமானால் மேலே ஒரு தேக்கம் வேண்டும். ஆக, 1909 நவம்பரில் தலைமைப் பொறியாளராக விஸ்வேஸ்வரய்யா மைசூரில் பொறுப்பேற்றபோது தேவை தயாராக இருந்தது. மின்சாரத்தை விலைக்கு வாங்கும் சுரங்க நிறுவனங்கள் இருந்தன. பெரிய திட்டங்களில் பழகிய பொதுப்பணித் துறை ஒன்றும் இருந்தது. வெற்றிடத்தில் அவர் எதையும் படைக்கவில்லை.

இங்கே ஒரு மறுப்பு நியாயமாகவே எழும். தேவையும் எண்ணமும் பல காலம் கிடந்தும் அணை எழவில்லையே. அவர் வந்த பிறகுதானே எழுந்தது? உண்மை. மைசூர் அரசின் நிதித்துறை, இவ்வளவு மின்சாரத்தை யார் வாங்குவார்கள் என்று கேட்டுத் திட்டத்தைத் தள்ளிவைக்கப் பார்த்தது. மின்சாரத்தோடு பாசனத்தையும் சேர்த்து, வரவு செலவுக் கணக்குப் போட்டு, திவானையும் மகாராஜாவையும் இணங்கவைத்தவர் அவர்தான். மொத்த மதிப்பீடு சுமார் 2 கோடியே 53 லட்சம் ரூபாய். இந்தத் தொகையின் கனத்தை உணர மைசூரு அரண்மனையைப் பார்த்தால் போதும். 1897இல் பழைய மர அரண்மனை எரிந்துபோன பிறகு புதிதாக எழுப்பப்பட்டு 1912இல் முடிந்த அம்பா விலாஸ் அரண்மனைக்கு ஆன செலவு 41 லட்சத்துச் சொச்சம். அதைப் போல ஆறு அரண்மனைகளுக்கான பணத்தை ஆற்றில் போடச் சொன்னார் ஒரு பொறியாளர்; 1911இல் முதற்கட்டப் பணத்துக்கு ஒப்புதல் தந்தார் 27 வயது மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார். கேட்கும் துணிவுக்கு ஒருவரைப் பாராட்டும்போது, கொடுக்கும் துணிவுக்கு இன்னொருவரைப் பாராட்டாமல் விட முடியாது. அந்தப் பணமோ வரி கட்டிய குடியானவர்களுடையது. மகாராணி நகைகளை விற்று அணைக்குப் பணம் தந்தார் என்ற கதை மைசூரில் இன்றும் உலவுகிறது. ஒரு நாயகருக்குள் அடங்காத செயலை மக்கள் இன்னொரு நாயகியிடம் பகிர்ந்து கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் அதைப் பார்க்கத் தோன்றுகிறது.

சென்னை மாகாணத்தின் பக்கம் நின்று பார்த்தால் காட்சி வேறு. 1892 ஒப்பந்தப்படி மைசூர் காவிரியில் புதிய தேக்கம் கட்டச் சென்னையின் இசைவு வேண்டும். மைசூர் கேட்டது சுமார் 41.5 டி.எம்.சி. கொள்ளளவு. தஞ்சைப் பாசனம் பாதிக்கப்படும் என்று சென்னை மறுத்தது. இந்திய அரசு தலையிட்டு முதற்கட்டமாக 11 டி.எம்.சி.க்கு மட்டும் அனுமதித்தது. 1911இல் வேலை தொடங்கியபோது மைசூர் போட்ட அடித்தளமோ முழு உயரத்துக்கு ஏற்ற அகலத்தில் இருந்தது. தகராறு நடுவர் கிரிஃபினிடம் போய் 1914இல் தீர்ப்பாகி, சென்னையின் முறையீட்டால் லண்டன் வரை சென்று, கடைசியில் 1924 பிப்ரவரியில் இரு அரசுகளும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் முடிந்தது. பின்னால் மேலே எழுப்ப வேண்டிவரும் என்று முன்கூட்டியே அடித்தளத்தை அகலப்படுத்தியதை மைசூரில் தீர்க்கதரிசனம் என்பார்கள். தஞ்சையில் அனுமதியை மீறிய தந்திரம் என்பார்கள். இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. சூப்பர் ஹீரோ எல்லா ஊருக்கும் ஹீரோவாக இருக்க வேண்டும். ஒரு கரையில் காவலனாகவும் மறுகரையில் எதிர்வழக்காடியாகவும் இருப்பவர் தன் அரசுக்காக வாதாடும் ஓர் அதிகாரி. திறமையான அதிகாரி என்பதில் ஐயமில்லை, ஆனாலும் அதிகாரிதான்.

இன்னொரு உண்மை காலண்டரிலேயே இருக்கிறது. 1912 இறுதியில் திவானாகப் பதவியேற்ற விஸ்வேஸ்வரய்யா 1918 டிசம்பரோடு மைசூர்ப் பணியிலிருந்து விலகினார். அணை நிறைவடைந்தது 1930களின் தொடக்கத்தில். ஏறத்தாழ 20 ஆண்டு வேலையில் அவர் பொறுப்பில் இருந்தது முதல் ஏழு ஆண்டுகள். மீதிக் காலத்தில் பிற தலைமைப் பொறியாளர்களும் திவான்களும் வந்தார்கள். அணைக்குக் கீழே பிருந்தாவனத் தோட்டத்தை உருவாக்கியவர் 1926இல் திவானான மிர்சா இஸ்மாயில். மண்டியாவைக் கரும்பு வட்டாரமாக்கியதில், 1933இல் அங்கே சர்க்கரை ஆலை எழுந்ததில், கனடாவிலிருந்து வந்த வேளாண் துறைத் தலைவர் லெஸ்லி கோல்மனுக்குப் பெரும் பங்கு. இவர்களுக்காவது பெயர் இருக்கிறது. சிமெண்ட் இறக்குமதிச் சரக்காக இருந்த காலத்தில் அணை எழுந்தது சுண்ணாம்பும் செங்கல் பொடியும் கலந்த சுர்க்கிச் சாந்தில். செங்கல்லைச் சுட வேண்டும், பொடியாக்க வேண்டும், சுண்ணாம்போடு அரைக்க வேண்டும், ஈரம் காயுமுன் தலையில் சுமந்து கல்லின்மேல் சேர்க்க வேண்டும். சுமார் 2.6 கிலோமீட்டர் நீளச் சுவருக்கு இந்த வேலையை ஆயிரக்கணக்கான ஆண்களும் பெண்களும் செய்தார்கள். கண்ணம்பாடி உள்பட இருபதுக்கும் மேற்பட்ட கிராமங்கள் நீருக்குள் போயின. ஹொய்சளர் காலத்து வேணுகோபாலசாமி கோயிலும் மூழ்கியது. வீட்டையும் வயலையும் விட்டுப் போனவர்கள் இந்த அணைக்குக் கொடுத்த விலை, யாருடைய மேதைமைக்கும் குறைந்ததன்று. இத்தனையும் ஒரே பெயருக்குள் சுருங்கிவிட்டது.

சரி, கட்டுமானம் கூட்டு முயற்சி. மூளை தனிமனிதருடையது அல்லவா என்று கேட்கலாம். அந்த மூளை எப்படி உருவானது என்று பார்க்க வேண்டும். 1861இல் முத்தேனஹள்ளியில் பிறந்தார். சிறு வயதில் தந்தையை இழந்தார். பெங்களூரு சென்ட்ரல் கல்லூரியில் படிக்கும்போது பிறர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துச் செலவைச் சமாளித்தார். 1881இல் பட்டம் பெற்றவரைப் புனே பொறியியல் கல்லூரிக்கு அனுப்பியது மைசூர் அரசின் உதவித்தொகை. அப்போது திவானாக இருந்தவர் செங்கல்பட்டுப் பகுதியைச் சேர்ந்த ரங்காச்சார்லு. விஸ்வேஸ்வரய்யா புனேயில் முதலிடத்தில் தேறி 1884இல் பம்பாய்ப் பொதுப்பணித் துறையில் சேர்ந்தார். சிந்துவில் சுக்கூர் நகரின் குடிநீர்த் திட்டம், தக்காணக் கால்வாய்களில் தண்ணீரைச் சுற்று முறையில் பங்கிடும் ஏற்பாடு, 1903இல் கடக்வாசலா அணையில் வெள்ளம் உயரும்போது தானே திறந்து வடிந்தபின் தானே மூடிக்கொள்ளும் மதகு என்று ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டது அவர் அனுபவம். கண்ணம்பாடிக்கு வரும்போது அவர் 25 ஆண்டு தொழில் செய்தவர். காமிக்ஸ் மேதைகளுக்குப் பரம்பரைச் சொத்து பட்டறை அமைத்துக் கொடுக்கிறது. இவருக்கு அந்தப் பட்டறை பொதுப்பணம். உதவித்தொகை மக்கள் பணம். சோதித்துப் பார்த்த அணைகள் மக்கள் பணம். தவறினால் திருத்திக்கொள்ள வாய்ப்பளித்ததும் அரசுத் துறை. அதே வசதி மற்றவர்களுக்கும் கிடைத்ததே, அவர்கள் விஸ்வேஸ்வரய்யா ஆகவில்லையே என்பது வலுவான மறுப்புதான். ஆற்றலில் அவர் வேறுபட்டவர் என்பதை அது நிலைநாட்டுகிறது. ஆனால் அந்த உதவித்தொகை இல்லாமல் முத்தேனஹள்ளியிலேயே முடிந்துபோயிருக்கக்கூடிய வாழ்வு அது என்பதை அது மறுப்பதில்லை.

அப்படியானால் ஏன் இவர் மட்டும் காவியநாயகர் ஆனார்? மேட்டூரோடு ஒப்பிட்டால் காரணம் தெளிவாகும். 1925இல் தொடங்கி 1934இல் முடிந்த மேட்டூர் அணையின் கொள்ளளவு சுமார் 93.5 டி.எம்.சி.; கிருஷ்ணராஜசாகரின் 49 டி.எம்.சி.யைப் போல ஏறத்தாழ இருமடங்கு. அந்தத் திட்டத்தோடு இணைந்த பொறியாளர் எல்லிஸின் பெயர் உபரிநீர்ப் போக்கியில் ‘எல்லிஸ் சர்ப்ளஸ்’ என்று ஒட்டிக்கொண்டிருந்தாலும், 16 கண் மதகைப் பார்க்கப் போகிறவர்களில் எத்தனை பேர் அவரை நினைக்கிறார்கள்? வேலையின் அளவு மட்டும் ஒருவரை நாயகர் ஆக்குவதில்லை. உயர்ந்த பொறியியல் பதவிகள் வெள்ளையர்களுக்கே என்றிருந்த காலத்தில், தலைமைப் பதவி எட்டாது என்று கண்டு 1908இல் பம்பாய்ப் பணியை விட்டுவந்த ஓர் இந்தியர், ஒரு இந்திய அரசுக்காக இந்தியாவின் மிகப் பெரிய தேக்கங்களில் ஒன்றைத் திட்டமிட்டுக் காட்டினார். இந்தியனால் முடியும் என்பதற்கு உயிருள்ள சான்று தேவைப்பட்ட தலைமுறைக்கு அவர் கிடைத்தார். ஆனால் முல்லைப் பெரியாறு அணையை 1895இல் முடித்த பென்னிகுயிக் வெள்ளையர். அவருக்குக் கம்பம் பள்ளத்தாக்கில் இன்றும் பொங்கல் வைக்கிறார்களே? அங்கே நாயகர் ஆக்கியது வறண்ட நிலத்துக்கு வந்த தண்ணீர். அதற்குப் பின்னர் எழுந்த அணை வழக்கும் அந்த நினைவை இறுக்கியது. அவர் சொந்தச் சொத்தை விற்று அணையை முடித்தார் என்ற கதை, மைசூர் மகாராணியின் நகைக் கதைக்கு உடன்பிறப்பு. சமூகம் தனக்கு வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவுக்கு ஒருவரை உயர்த்துகிறது. அந்த உயரம் அவர் உடலோடு பிறந்ததன்று.

இதுவரை சொன்னது சூழல். மூன்றாவது அளவுகோலான பதில் சொல்லும் கடமையில்தான் சிக்கல் கூர்மையாகிறது. 1910களில் மைசூர் அரசின் உயர்பதவிகளில் பெரும்பாலானவை பிராமணர் கையில் இருந்தன. 1917இல் பிரஜா மித்ர மண்டலி உருவாகி, பிற வகுப்பினருக்கும் உரிய பங்கு வேண்டும் என்று மன்னரிடம் முறையிட்டது. அதற்குச் சில மாதங்கள் முன்னர், 1916 டிசம்பரில், சென்னையில் பிராமணரல்லாதார் அறிக்கை வெளியாகியிருந்தது. ஒரே காற்று இரு அரசுகளிலும் வீசியது. 1918இல் தலைமை நீதிபதி லெஸ்லி மில்லர் தலைமையில் மன்னர் குழு அமைத்தார். ஏழு ஆண்டுகளுக்குள் உயர்பதவிகளில் பாதிக்குக் குறையாமலும் கீழ்நிலைப் பதவிகளில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமலும் பிராமணரல்லாதாருக்குச் சேர வேண்டும் என்று 1919இல் அக்குழு பரிந்துரைத்தது. விஸ்வேஸ்வரய்யா இந்தப் போக்கை ஏற்கவில்லை. தகுதியைக் கைவிட்டால் நிர்வாகத்தின் திறன் கெடும், உற்பத்தி குறையும் என்பது அவர் நிலை. அவர் பதவி விலகியதற்கு இதுவே முக்கியக் காரணம் என்பது பரவலான கருத்து. அவருடைய அணையைப் பற்றிப் பேசும் பாடநூல்கள் இந்த அத்தியாயத்தை ஒரே வரியில் கடந்துவிடுகின்றன, அல்லது கடக்காமலே விட்டுவிடுகின்றன. சூப்பர் ஹீரோவை எதிர்த்து வாதாட முடியாது என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. அணை விஷயத்தில் சரியாகக் கணித்தவர் சமூக விஷயத்திலும் சரியாகத்தான் கணித்திருப்பார் என்ற எண்ணம் சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடுகிறது.

அவருக்கு நியாயமாகச் சொல்ல வேண்டியதும் உண்டு. அவர் திவானாக இருந்தபோதுதான் 1913இல் கட்டாயத் தொடக்கக் கல்விக்கான சட்டம் வந்தது. 1916இல் மைசூர்ப் பல்கலைக்கழகம் பிறந்தது. கல்வியைப் பரப்பினால் எல்லா வகுப்பினரும் தகுதியோடு மேலே வருவார்கள், அதுவரை காத்திருக்கலாம் என்று அவர் நம்பினார். இந்த நம்பிக்கையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மேதைமை பிறவிச் சொத்து என்று அவர் எங்கும் வாதாடவில்லை. 1898இல் ஜப்பானுக்குப் போய்வந்தது முதல் அவர் வலியுறுத்தி வந்தது பயிற்சி, ஒழுங்கு, திட்டம் ஆகியவற்றைத்தான். சராசரி மனிதனையும் இவற்றால் உயர்த்த முடியும் என்பதே அவருடைய பொருளாதாரச் சிந்தனையின் அடித்தளம். திறன் கற்றுக்கொள்ளக் கூடியது என்றால், பதவியில் அமர்த்தப்படுவதும் அந்தக் கல்வியின் ஒரு பகுதிதானே? பம்பாய் அரசு இளம் பொறியாளரான அவரை நம்பிப் பொறுப்புகளைக் கொடுத்ததால்தானே அவர் தேர்ந்தார்? அவர் வாழ்க்கையை அவர் வாதத்தின் முன் வைத்தால், மில்லர் குழுவின் பக்கம்தான் தராசு சாய்கிறது. இதைச் சொல்வது அவரைச் சிறுமைப்படுத்துவதாகாது. தன் காலத்துக்குள்ளும் தன் வகுப்பின் அனுபவத்துக்குள்ளும் நின்று சிந்தித்த மனிதராக அவரைப் பார்ப்பது, அவ்வளவுதான்.

நன்றியுள்ள விவசாயி படத்துக்கு மாலை போடுவதில் என்ன குற்றம் என்று கடைசியாக ஒரு கேள்வி வரலாம். ஒரு குற்றமும் இல்லை. தண்ணீர் வந்த நிலத்தின் நினைவு அது. ஆய்வாளர் அதில் திருத்தம் செய்யப் போவதில்லை. சிக்கல் மாலையில் இல்லை, அரசும் படித்தவர்களும் அதே மாலையைக் காட்டித் தப்பித்துக்கொள்வதில் இருக்கிறது. ஏரி தூர்ந்துபோனாலும், நகரம் வெள்ளத்தில் மூழ்கினாலும், திட்டம் பாதியில் நின்றாலும், ‘இன்னொரு விஸ்வேஸ்வரய்யா இல்லையே’ என்ற பெருமூச்சு தயாராக இருக்கிறது. மேதை வராததால்தான் வேலை நடக்கவில்லை என்றாகிவிட்டால், நிதி ஒதுக்காத அரசையும் காலியாகக் கிடக்கும் பொறியாளர் பணியிடத்தையும் மூடப்பட்ட கிராமப் பள்ளியையும் யாரும் கேள்வி கேட்க வேண்டியதில்லை. மைசூருவின் வரலாறு இதற்கு நேர்மாறான பாடத்தைத் தருகிறது. உதவித்தொகை கொடுத்த ஓர் அரசு, அனுபவம் கொடுத்த ஒரு துறை, பணம் கொடுக்கத் துணிந்த ஒரு மன்னர், எதிர்த்து வாதாடி எல்லையை வரையறுத்த ஓர் அண்டை மாகாணம், பெயர் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் எல்லோரும் சேர்ந்த இடத்தில் அரிய ஆற்றலுள்ள ஒரு சாதாரண மனிதர் தன் வேலையைச் செய்தார். அவர் சாதாரணமானவர் என்று ஒப்புக்கொண்டால்தான் அவரைப் போன்ற இன்னொருவரை உருவாக்குவது நம் பொறுப்பாகிறது. அதிசயப் பிறவி என்று வைத்துவிட்டால் காத்திருப்பதைத் தவிர வேறு வேலை நமக்கு இல்லை.